கம்பியில் சாய்ந்து பார்க்கும் கால்பந்து

குளிர்காலச் சனிக்கிழமை. நம் ஊரில் இரவு எட்டரை என்றால் இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டத்தைச் சென்னையில் சோபாவில் உட்கார்ந்தபடி நேரலையில் பார்க்கலாம். லண்டனில் இருப்பவருக்கு அது கிடைக்காது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தாட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்ட அங்கே தடை இருக்கிறது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் வற்புறுத்திக் கொண்டுவந்த ஏற்பாடு அது. பெரிய ஆட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் சின்ன ஊர் மைதானத்துக்கு ஆள் வராது என்ற கவலைதான் காரணம். உலகமெங்கும் விலைபோகும் விளையாட்டு, தன் ஊரில் மட்டும் வாரத்தில் இரண்டரை மணி நேரம் திரையிலிருந்து ஒதுங்கி நிற்கிறது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் போய் நிற்க வேண்டிய இடம் என்று என்னைக் கேட்டால், இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையைக் காட்டுவேன். டரம், நார்தம்பர்லாந்து, டைன், டீஸ் ஆற்றங்கரை ஊர்கள், மேற்கே மலையைத் தாண்டிப் பென்ரித் வரை பரவியிருக்கும் நார்தர்ன் லீக். உலகின் முதல் கால்பந்து லீக் 1888இல் தொடங்கியது. இது அடுத்த ஆண்டே, 1889இல். இன்றும் நடந்துவரும் லீக்குகளில் உலகிலேயே இரண்டாவது மூத்தது. பின்னாளில் நியூகாசில் யுனைடெட் ஆன அணி தொடக்க காலத்தில் இங்கே ஆடியிருக்கிறது. இன்றைக்கு, பிரீமியர் லீக்கை முதல் படியாக வைத்து எண்ணிக்கொண்டே இறங்கினால், இதன் முதல் டிவிஷன் ஒன்பதாவது படியில் இருக்கிறது. இரண்டாவது டிவிஷன் பத்தாவதில். படிகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஜெயிக்கிறவர் ஏறலாம், கடைசியில் நிற்பவர் இறங்க வேண்டும். ஆடுகிறவர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள். வகுப்பெடுத்துவிட்டோ குழாய் பழுது பார்த்துவிட்டோ மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள்.

தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே முதல் இருபது நிமிடம் குழப்பமாக இருக்கும். பந்து ஒரே காலில் நிற்காது, ஆகாயத்தில் அதிகம் இருக்கும், பாஸ் தவறும். மேலே இருக்கும் ஆட்டத்தின் மட்டமான நகல் என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு பார்த்தால் தொண்ணூறு நிமிடமும் வீண். இங்கே ஆட்டம் நடக்கும் நிலைமைகளே வேறு. புல் சீராக இருக்காது, தரை சில மைதானங்களில் ஒரு பக்கம் சரிந்திருக்கும், வட கடல் காற்றுக்கு எதிரே நிற்க உயரமான கட்டடம் எதுவும் இல்லை. இவற்றோடு மல்லுக்கட்டித் தீர்வு காண்பதுதான் இங்குள்ள திறமை. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் ரசனை தானாக வரும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். டரம் மாவட்டத்தின் மேற்கில் டோ லா என்றொரு சிற்றூர், கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரும்பாலைக்காக எழுந்த ஊர். மைதானத்தின் பெயரே அயன்வொர்க்ஸ் ரோடு. அங்கே காற்று ஓர் ஆட்டக்காரர் மாதிரி பங்கெடுக்கும். நாணயம் சுண்டும்போதே கவனியுங்கள்: ஜெயித்த கேப்டன் எந்தப் பக்கம் கை காட்டுகிறார்? காற்றை முதுகில் வாங்கி முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிடலாம் என்று நினைப்பவர் ஒரு வகை. எதிர்க்காற்றில் முதல் பாதியைச் சமாளித்துவிட்டு, எதிராளி களைத்த பிறகு காற்றைத் தன் பக்கம் வாங்குவோம் என்பவர் இன்னொரு வகை. அந்த ஒரு முடிவிலிருந்தே ஆட்டத்தின் போக்கு பாதி தெரிந்துவிடும். பிறகு கோல்கீப்பரைப் பாருங்கள். எதிர்க்காற்றில் அவர் உயரமாக உதைத்தால் பந்து நடுக்கோட்டைக்கூடத் தொடாமல் திரும்பி வரும். தெரிந்தவர் தாழ்வாக, ஓரக்கோட்டை ஒட்டி அடிப்பார். டிஃபெண்டர் பந்து வரும் இடத்துக்கு இரண்டடி முன்னால் நிற்கிறாரா, பின்னால் நிற்கிறாரா என்பதிலேயே அவர் இந்த ஊர்க்காரரா, புதுசா என்று சொல்லிவிடலாம்.

இந்த டோ லா அணி 1967இல், தன்னைவிடப் பல படி மேலே இருந்த மான்ஸ்ஃபீல்டு டவுனை, பல படி அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் 5-1 என்று வீழ்த்தியது. பின்னாளில் இங்கிலாந்துக்காக ஆடிய கிறிஸ் வாடில் தொடக்கத்தில் இருந்த அணியும் இதுதான். இறைச்சிக்கு மசாலா தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இங்கே ஆடினார். 1980இல் நியூகாசில் அவரை 1,000 பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து மார்செய் அணி அவருக்காகக் கொடுத்தது நாற்பது லட்சம் பவுண்டுக்கும் மேல். இடுப்பை வளைத்து ஆளைத் திணறடிக்கும் அவருடைய ஓட்டத்தைப் பழைய காணொளிகளில் பார்க்கும்போது, காற்றோடு பந்தை அடக்கப் பழகியது இந்த மேட்டில்தானே என்று எனக்குத் தோன்றும்.

எங்கே நிற்பது? இந்த மைதானங்களில் நூற்றுக்கணக்கில்தான் கூட்டம், சில நாள் நூறுகூடத் தேறாது. ஆகவே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவில் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதில் முழங்கையை ஊன்றிக்கொள்வதுதான் இங்குள்ள இருக்கை. ஸ்டாண்டில் ஏறி உட்காராதீர்கள், மழை கொட்டினால் ஒழிய. முதல் பாதியில் பெனால்டிப் பகுதியின் கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் நில்லுங்கள். விங்கரும் பேக்கும் மோதிக்கொள்வது உங்களிடமிருந்து இரண்டு கை தூரத்தில் நடக்கும். அங்கே நின்றால்தான் கால்பந்தில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரியும். தொலைக்காட்சியில் கூட்டத்தின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. இங்கே பூட்ஸ் புல்லைப் பிய்ப்பது, தோள் தோளில் இடிப்பது, பந்து நெற்றியில் படும் மொத்தென்ற ஓசை எல்லாம் தனித்தனியே கேட்கும்.

எல்லாவற்றையும்விடப் பேச்சு. இருபத்திரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். ‘மேன் ஆன்’ என்று ஒரு குரல் வந்தால் பந்து வாங்குபவரின் முதுகில் எதிராளி ஏறி நிற்கிறார் என்று பொருள்; உடனே தட்டிவிட வேண்டும். ‘டைம்’ என்றால் அவசரமில்லை, திரும்பலாம். ‘கீப்பர்ஸ்’ என்றால் எல்லோரும் விலகுங்கள், நான் வருகிறேன் என்கிறார் கோல்கீப்பர். ‘அவே’ என்றால் யோசிக்காமல் தூர அடி. ‘செகண்ட்ஸ்’ என்ற சொல்லுக்கு மட்டும் காதைத் தனியாகத் தீட்டிக்கொள்ளுங்கள். உயரப் பந்துக்கு இரண்டு பேர் தலை கொடுத்த பிறகு அது எங்கோ தெறிக்குமே, அந்த இரண்டாவது பந்தை யார் எடுப்பது என்பதற்கான எச்சரிக்கை அது. ஒன்பதாவது படியில் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. தலையால் முட்டுபவரைப் பார்க்காமல், அவரைச் சுற்றி ஐந்தாறு அடியில் காத்திருப்பவர்களைப் பாருங்கள். நல்ல நடுக்கள வீரர், பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே அது விழப்போகும் இடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவார். ஓடமாட்டார், நடப்பார். அவரை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு அந்த அணியின் ஆட்டம் முழுவதும் புரிந்துவிடும்.

நடுவரிடம் வாயாடினால் இந்தப் படியில் தண்டனை வேறு மாதிரி. மஞ்சள் அட்டையோடு பத்து நிமிடம் வெளியே போய் உட்கார வேண்டும். 2019-20 பருவத்திலிருந்து இங்கிலாந்தின் கீழ்ப்படிகளில் இந்த விதி அமலில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் பத்து பேரோடு ஓர் அணி எப்படிச் சுருங்கிக்கொள்கிறது, முன்கள வீரர் எவ்வளவு கீழே இறங்கி வருகிறார் என்பதைப் பார்ப்பது ஒரு தனிப் பாடம். வீடியோ பார்த்து முடிவு சொல்கிற ஏற்பாடு இங்கே இல்லை. கோல் என்றால் கோல். கொண்டாடலாம், பயப்பட வேண்டியதில்லை.

இடைவேளையில் ஒரு வழக்கம். ரசிகர்களைப் பிரித்து வைக்கும் வேலி இல்லாததால், தங்கள் அணி இனி எந்தக் கோலை நோக்கி ஆடப்போகிறதோ அதன் பின்னால் போய் நிற்க இரண்டு தரப்பும் மைதானத்தைச் சுற்றி நடக்கும். பாதி வழியில் எதிரெதிரே சந்திப்பார்கள். சிரிப்பு, ஒரு கேலி, வேலை எப்படிப் போகிறது என்ற விசாரிப்பு. நீங்களும் சேர்ந்து நடங்கள். வழியில் உணவுக் கூடம் வரும். இறைச்சி அடைத்த ‘பை’ பண்டம், தேநீர், கொதிக்கும் போவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாறு கிடைக்கும். சில இடங்களில் ஸ்டாட்டி என்ற தட்டையான வட்ட ரொட்டிக்குள் பன்றி இறைச்சியும் பீஸ் புடிங்கும் வைத்துத் தருவார்கள். பீஸ் புடிங் என்பது நாம் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து எடுப்பது போன்றதே, உப்பு மட்டும் தூக்கல். பீர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கலாம். மேல் படிகளில் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கிழித்துத் தரும் சீட்டுப் புத்தகத்தோடு யாராவது வந்து ராஃபிள் சீட்டு நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசு ஒரு பெட்டி சாக்லேட்டாக இருக்கலாம், ஆனால் அந்தக் காசு வலையும் சுண்ணாம்பும் வாங்கப் போகிறது. சீட்டு விற்கிறவர், காலையில் கோடு போட்டவர், நுழைவாயிலில் காசு வாங்கியவர், எல்லோரும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசாமல் திரும்பினால் ஆட்டத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்.

இனி நிலத்தடியில் இருப்பது. இந்த ஊர்களில் பல நிலக்கரியால் பிறந்தவை. 1920இல் வந்த ஒரு சட்டம், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் சுரங்கத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கச் சொன்னது. அந்த நிதி பல ஊர்களில் விளையாட்டு மைதானங்களாக மாறியது. பெயரில் ‘வெல்ஃபேர்’ என்று வரும் மைதானத்தைப் பார்த்தால் அதன் வேர் அங்கே இருக்கும். ஈசிங்டன் காலியரி அணி ஆடுவது வெல்ஃபேர் பார்க்கில். 1951 மே மாதம் அந்த ஊர்ச் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 83 பேர் இறந்தார்கள். 1993இல் சுரங்கமே மூடப்பட்டது. அணியின் பெயரில், நிலக்கரிச் சுரங்கம் என்று பொருள்படும் ‘காலியரி’ இன்னும் இருக்கிறது. சுரங்கம் போய், அதை நம்பிய கடைகள் போய், ஊரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் இடமாகச் சனிக்கிழமை மைதானம் மிஞ்சியிருக்கிறது. இதை அறிந்துகொண்டு பார்த்தால், கடைசி நிமிடத்தில் 3-0 என்று பின்தங்கியிருக்கும் அணியின் டிஃபெண்டர் ஏன் இன்னும் சறுக்கிப் பாய்கிறார் என்று கேட்கத் தோன்றாது.

வெஸ்ட் ஆக்லாந்துக்குக் கட்டாயம் போக வேண்டும். 1909இல் இந்த ஊரின் சுரங்கத் தொழிலாளர்கள் இத்தாலியின் டூரின் நகருக்குப் போய், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அணிகளை வென்று சர் தாமஸ் லிப்டன் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். உலகின் முதல் உலகக் கோப்பை என்று இந்த வட்டாரம் அதைச் சொல்லும். 1911இல் மறுபடி போனார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே யுவென்டஸ். கணக்கு 6-1, வெஸ்ட் ஆக்லாந்துக்கு. பயணச் செலவில் கிளப் கடனில் மூழ்கி, ஊர் விடுதியின் உரிமையாளரிடம் கோப்பையை 40 பவுண்டுக்கு அடகு வைத்தது. அதை மீட்க 1960 வரை ஆனது. 1994இல் தொழிலாளர் கிளப்பிலிருந்து அது திருடு போய், இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது நகல். அந்த வீரர்களுக்கு ஊர்ப் புல்வெளியில் சிற்பம் எழுப்பியிருக்கிறார்கள்.

கோப்பையை அளித்த லிப்டனை நமக்குத் தெரியும். தேயிலை லிப்டனேதான். 1890இல் இலங்கைக்குப் போய்த் தோட்டங்கள் வாங்கியவர். அப்புத்தளைக்கு அருகே அவருடைய தம்பேதன்ன தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழர்கள். அந்த வெள்ளிக் கோப்பைக்குப் பின்னால் இருந்த செல்வத்தில் மலையகத் தமிழரின் உழைப்பு இருக்கிறது. அதை வென்றவர்கள் டரம் சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள். வெஸ்ட் ஆக்லாந்தில் தேநீர் வாங்கிக் குடிக்கும் எந்தத் தமிழருக்கும் இது நினைவுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சில மைல் தள்ளி பிஷப் ஆக்லாந்து, அதற்கு அருகிலேயே க்ரூக். தொழில்முறை அல்லாத அணிகளுக்கான எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை 1974 வரை நடந்தது. பிஷப் ஆக்லாந்து அதைப் பத்து முறை வென்றது, க்ரூக் டவுன் ஐந்து முறை. 1954இல் இரண்டும் இறுதிக்கு வந்தன. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் பார்க்க 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2-2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டத்தில் க்ரூக் 1-0 என்று ஜெயித்தது. மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து இரண்டு லட்சத்தை ஒட்டிய கூட்டம், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் இரண்டு சிற்றூர்களுக்காக. நான்கு ஆண்டுகள் கழித்து மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் வீரர்களை இழந்து தவித்தபோது, பிஷப் ஆக்லாந்திலிருந்து பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூவின், வாரன் பிராட்லி மூவரும் உதவிக்குப் போனார்கள். பிராட்லி அங்கிருந்து இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

பழம்பெருமையோடு நின்றுவிட்ட லீக் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒன்பது, பத்தாம் படி அணிகளுக்கென்றே எஃப்.ஏ. வாஸ் என்ற கோப்பை நடக்கிறது. இறுதி ஆட்டம் வெம்ப்ளியில். 2009 முதல் 2017 வரை ஒன்பது இறுதிகளிலும் நார்தர்ன் லீக் அணி ஒன்றாவது இருந்தது. எட்டை வென்றன. விட்லி பே தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றது. 2010 இறுதியில் பால் சாவ் முதல் கோலைப் போட்டபோது ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஆதிக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேல் படிக்குப் போனால் நெடுந்தூரப் பயணம், அதற்குப் பெருஞ்செலவு. வேலை முடித்து வாரநாளில் ஆடப் போகிறவர்கள் நள்ளிரவில்தான் வீடு திரும்ப முடியும். அதனால் பல நல்ல அணிகள் மேல் படிக்கு உயர்வே வேண்டாம் என்று இங்கேயே தங்கின. அந்த முடிவை நான் மதிக்கிறேன். பக்கத்து ஊரோடு மோதுவதில் இருக்கும் சூடு, இருநூறு மைல் தள்ளி இருக்கும் அணியோடு வராது. மாறாக சவுத் ஷீல்ட்ஸ், 2017இல் லீக், வாஸ் உட்பட நான்கு கோப்பைகளை ஒரே பருவத்தில் அள்ளிக்கொண்டு மேலே ஏறிப் போனது. சண்டர்லாந்துக்காக பிரீமியர் லீக்கில் ஆடிய அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ ஆர்கா அந்த அணியில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை அணியொன்றில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தவர் அங்கிருந்து வந்தார். அவருடைய இடது கால் பாஸைக் கம்பியில் சாய்ந்து பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மைதானம் மைதானமாகப் போய் எண்ணிக்கை சேர்க்கும் ஒரு கூட்டம் இங்கிலாந்தில் உண்டு. அவர்களால் இந்தக் கிளப்புகளுக்கு வருமானம் வருகிறது, நல்லது. ஆனால் ரசிக்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது வேறு: ஓர் அணியைத் தேர்ந்துகொண்டு அதையே பின்தொடருங்கள். ஐந்தாவது ஆட்டத்தில்தான் அந்த ரைட் பேக் ஏன் எப்போதும் உள்பக்கமாகத் திரும்புகிறார் என்று பிடிபடும். பத்தாவதில் பயிற்சியாளர் கத்துவதற்கு முன்பே எதற்குக் கத்தப்போகிறார் என்று தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் போக முடிந்தால் எஃப்.ஏ. கோப்பையின் ஆரம்பச் சுற்றைப் பிடியுங்கள். அடுத்த மே மாதம் வெம்ப்ளியில் முடியும் அதே போட்டி, இங்கே கோடை வெயிலில் இருநூறு பேர் முன்னால் தொடங்குகிறது. 1978இல் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ், நார்தர்ன் லீக்கில் இருந்தபடியே, ஸ்டோக் சிட்டியை அதன் மைதானத்தில் வென்று ஐந்தாவது சுற்று வரை போனது. குளிர்காலத்தில் போவதானால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அண்டை ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தைப் பாருங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் அன்று திரும்பி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஜனவரியில் உறைபனியாலும் சேற்றாலும் ஆட்டம் தள்ளிப்போவது சகஜம். காலையில் நடுவர் தரையைப் பார்த்துச் சொன்ன பிறகே முடிவு தெரியும், ஆகவே கிளப்பின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக்குச் சில பவுண்டுகள்தான். சில்லறையாகக் கொண்டுபோனால் வாசலில் இருப்பவருக்கு உதவியாக இருக்கும். மாலையில் இந்த ஊர்களிலிருந்து பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.